பாவித்த படகில் செலவு வைப்பது கை எட்டாத இடங்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பத்திரிகையின் சிறு விளம்பரங்களில் காணிகளுக்கும் வாகனங்களுக்கும் நடுவே பாவித்த வேகப் படகுகளும் விற்பனைக்கு வருகின்றன. "எஞ்சின் நல்ல நிலையில், புதுப் பெயின்ட், ட்ரெயிலருடன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. பொல்கொட வாவியில் வார இறுதியில் ஓட்டவோ நீர்கொழும்புக் களப்பில் உல்லாசப் பயணிகளை ஏற்றவோ வாங்க வருபவர், எஞ்சினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டதும் முற்பணம் கொடுத்துவிடுகிறார். எஞ்சின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பழுதிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். தரைக்கு அடியில் கிடக்கும் எரிபொருள் தாங்கியையும், பின்பலகைக்குள் இருக்கும் ரப்பர் பெல்லோஸையும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் மடிப்பு உறை), பில்ஜின் (படகின் அடிப்பள்ளம்) மூலையில் ஒளிந்திருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டரையும் பற்றி எவரும் கேட்பதில்லை. பார்க்க வழியில்லாத இடத்தைப் பற்றி என்னத்தைக் கேட்பது? முதலில் வழியைத் திறக்க வேண்டும். திருத்தம் முடிந்தபின் அந்த வழியை மூடிவிடவும் கூடாது. இந்த இரண்டையும் வலியுறுத்தவே இக்கடிதம்.

எரிபொருள் தாங்கியில் இருந்து தொடங்குவோம். இருபது அடிக்கு மேற்பட்ட படகுகளில் பெரும்பாலும் அலுமினியத் தாங்கியைத் தரைக்குக் கீழே வைத்து, சுற்றிலும் இரசாயன நுரையை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். நுரை புதிதாக இருக்கும்வரை சிக்கலில்லை. ஆண்டுகள் போகப்போக அது தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சிய உப்புத் தண்ணீரை அலுமினியத்தோடு ஒட்டி வைத்திருக்கும். காற்றுப் படாத ஈரம் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்தும். மேலிருந்து பார்த்தால் தாங்கி பளபளவென்றே இருக்கும், அடித்தகடு சல்லடையாகப் போயிருக்கும். பெற்றோல் மணம் வருகிறது என்று ஹோஸ் கிளிப்பை மட்டும் இறுக்கிக் கொடுத்து அனுப்பும் திருத்துநர்கள் உண்டு. கிளிப் தளர்ந்தும் இருக்கலாம்தான். ஆனால் தாங்கியைச் சோதிக்காமல் படகைத் தண்ணீரில் இறக்குவது தவறு.

அந்தச் சோதனைக்குத் தரையை வெட்ட வேண்டியதில்லை. தாங்கியைக் காலி செய்து, எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயையும் நிரப்பும் குழாயின் வாயையும் இறுக்கி அடைத்துவிட்டு, காற்றுப் போகும் சிறு குழாய் வழியாக சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றுக் கொடுங்கள். 3 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். தட்டையான பெரிய தகடுகளால் செய்த தாங்கி அதற்கு மேல் ஊதிப் பெருத்து, நன்றாக இருந்த வெல்டிங் இணைப்பையும் பிளந்துவிடும். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்ப்ரசரை இதற்குக் கொண்டுவரவே கூடாது. சோதனையைக் காலையில் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி அழுத்தமும் ஏறும், சின்னக் கசிவு இருந்தாலும் அழுத்தமானியின் முள் இறங்காது. முள் இறங்கினால் முதலில் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் முள் இறங்குகிறதென்றால் குற்றம் தாங்கியில்தான், தரையைத் திறக்கத்தான் வேண்டும்.

எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை என்பதற்காகத் தரையைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கப் படகுகளில் தாங்கிக்குள் இருந்து எரிபொருளின் அளவை மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட், தாங்கி காலியாக இருக்கும்போது 240 ஓம், நிரம்பியிருக்கும்போது 33 ஓம் காட்டும். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் மீட்டரில் டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றிச் சாவியைத் திருப்பினால் முள் காலியில் நிற்க வேண்டும். அதே முனையை ஏர்த் செய்தால் நிரம்பியதைக் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் நல்லது, பழுது வயரிலோ யூனிட்டிலோ இருக்கிறது. 10 முதல் 180 ஓம் வரையான ஐரோப்பிய முறைப் படகுகளில் இது தலைகீழ். இந்தச் சோதனையை மீட்டர் பக்கத்திலேயே செய்யுங்கள். தாங்கிக்கு மேலே வயரை உரசிப் பொறி கிளப்பிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. யூனிட்டை மாற்ற வேண்டி வந்தால் அதன் ஐந்து துளைகளும் சம இடைவெளியில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு நிலையில்தான் ஐந்து திருகாணிகளும் பொருந்தும். பொருந்தவில்லை என்று புதுத் துளை போட்டால் அங்கேதான் கசியும்.

இனி வெட்டும் வேலை. கத்தி எடுப்பதற்கு முன் கம்பளத்தைக் கிழித்துப் பாருங்கள். பல படகுகளில் தாங்கிக்கு மேல் திருகாணி போட்ட மூடியை உற்பத்தியாளரே வைத்திருப்பார், பிறகு வந்தவர் அதன்மேல் கம்பளம் ஒட்டியிருப்பார். மூடி இல்லையென்றால் நிரப்பும் வாயிலிருந்தும் காற்றுக் குழாயிலிருந்தும் அளந்து தாங்கியின் இடத்தைக் குறியுங்கள். தொலைபேசியோடு இணைக்கும் சிறு கெமராவை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். 10 மில்லிமீட்டர் துளை ஒன்றை, ட்ரில் முனையில் தரையின் தடிப்புக்கு மேல் இறங்காதபடி தடுப்பு வளையம் போட்டுத் துளைத்து, அதன் வழியாகக் கெமராவை இறக்கினால் குறுக்குச் சட்டங்கள் எங்கே, வயர்கள் எங்கே, நுரை எவ்வளவு என்று எல்லாம் தெரியும். சின்னத் துளையைப் பிறகு இபொக்சிப் பசையால் அடைத்துவிடலாம். இடம் தெரியாமல் போட்ட பெரிய வெட்டைச் சரிக்கட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

ஜிக்சோ இதற்குக் கூடாது. அதன் அலகு தரையைத் தாண்டி மூன்று அங்குலம் இறங்கிக் குத்தும், கீழே தாங்கி இருக்கிறது. வட்டத் துளை போடும் ஹோல்-சோவிலும் இதே ஆபத்து உண்டு, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரில் முனைதான் முதலில் தாங்கியைத் தொடும். அந்த முனையைக் கழற்றிவிட்டு, அதே அளவு துளை போட்ட ஒட்டுப்பலகைத் துண்டைத் தரையில் திருகி அதை வழிகாட்டியாக வைத்து வெட்டலாம். நீள வெட்டுக்கு ஆழம் கட்டிய, மரம் குடையும் ரூட்டரோ அதிரும் அலகு கொண்ட மல்டி-டூலோ நல்லது. தரைப்பலகை 12 முதல் 18 மில்லிமீட்டர்வரை இருக்கும், மேலும் கீழும் பைபர் பூச்சைச் சேர்த்து ஆழத்தைக் கட்டுங்கள். எந்த மின் கருவியும் பொறி விடும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். நிறைந்த தாங்கியைவிடக் காலியான தாங்கியே ஆபத்து, உள்ளே முழுதும் ஆவிதான். ஆகவே எரிபொருளை அகற்றியபின் குழாய்களின் வாயை அடைத்து, பற்றரியைக் கழற்றி, படகுக்கு வெளியே வைத்த விசிறியால் நல்ல காற்றை உள்ளே தள்ளி, மணம் முழுக்கப் போனபின்தான் கருவியை எடுக்க வேண்டும்.

வெட்டின் மூலைகள் சதுரமாக இருக்கக் கூடாது. சதுர மூலையில்தான் விரிசல் தொடங்கும். நான்கு மூலைகளிலும் 100 மில்லிமீட்டர் ஹோல்-சோவால் வட்டம் போட்டு அவற்றை நேர்கோட்டில் இணைத்தால் மூலை தானாகவே வளைந்து வரும். குறுக்குச் சட்டத்திலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி நில்லுங்கள். வெட்டி எடுத்த பலகையை எறிய வேண்டாம், அதுவே மூடி. விளிம்பின் கீழே 40 மில்லிமீட்டர் அகல ஒட்டுப்பலகைப் பட்டியை இபொக்சியால் ஒட்டி அதன்மேல் மூடியை அமர்த்தி, 125 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் திருகாணி போட்டு பியூட்டைல் நாடாவின்மேல் (இறுகிவிடாத ஒட்டு நாடா) இறுக்கினால் அடுத்த முறை ஒரு மணித்தியாலத்தில் திறந்துவிடலாம். வெட்டிய விளிம்பில் பூச்சில்லாத மரம் தெரியும் இடமெல்லாம் இபொக்சி குடிக்க வேண்டும். அதைச் செய்யாத மூடியைச் சுற்றிய தரை காலப்போக்கில் காலடியில் அமுங்கத் தொடங்கும்.

சீலன்ட் விடயத்தில் ஒரு வார்த்தை. 3எம் 5200 வலுவானது என்று கேள்விப்பட்டு எல்லாவற்றுக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். அது நிரந்தர ஒட்டு. அதைப் பூசிய மூடியைக் கிளப்பும்போது பைபர் படையும் கூடவே கிழிந்து வரும். என்றைக்காவது திறக்க வேண்டிய எதற்கும் அது ஆகாது. குளியலறைக்கு வாங்கும் சிலிக்கோனும் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது.

ஒற்றை வால்வையோ ஒரு ஹோஸ் கிளிப்பையோ எட்டுவதற்குத் திருகித் திறக்கும் வட்ட மூடி போதும். ஆனால் அளவைப் பார்த்து வாங்குங்கள். நான்கு அங்குல மூடியில் கண்ணும் டோர்ச்சும்தான் போகும். ஆறு அங்குலத்தில் கை போகும், ஸ்பேனரைப் பிடித்த கை திரும்பாது. வேலை செய்ய எட்டு அங்குலம் வேண்டும். இரண்டு கையும் தேவைப்படும் இடத்துக்கு வட்ட மூடியே சரிவராது, நீள்சதுரக் கதவுதான் போட வேண்டும்.

தாங்கியைத் திரும்ப வைக்கும்போது நுரையில் புதைக்காதீர்கள். சுற்றிலும் அரை அங்குலமளவு காற்றோட்டம் விட்டு, தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக் பட்டிகளில் அமர்த்தி, அந்தப் பட்டிகளைத் தாங்கியோடு சீலன்டால் முழுமையாக ஒட்டிவிட வேண்டும் (5200 க்கு உரிய இடம் இதுதான்). பட்டிக்கும் அலுமினியத்துக்கும் இடையில் ஈரம் போக வழியிருந்தால் பழைய கதையே திரும்பும். எடுத்த நுரை மிதப்புக்காக வைத்ததாக இருந்தால் அதே அளவை வேறிடத்தில் ஈடு செய்யாமல் விடக் கூடாது, தண்ணீர் ஏறினால் படகை மேலே வைத்திருப்பது அதுதான். பித்தளை இணைப்புகளை அலுமினியத்தில் நேரே முறுக்காமல் இடையில் துருப்பிடிக்காத எஃகு இணைப்பைப் போடுங்கள். நிரப்பும் குழாய் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம், காற்றுக் குழாய் ஐந்தெட்டு அங்குலம். இரண்டுக்கும் கப்பலுக்குரிய எரிபொருள் ஹோஸ் வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பெற்றோலுக்குப் போட்டால் உள்ளே உரிந்து வடிகட்டியை அடைக்கும்.

பஞ்சிகாவத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வந்தாலும். வாகன உதிரிப்பாகம் வாங்க அதைப் போல இடம் இல்லை. ஆனால் பெற்றோல் எஞ்சின் படகுக்குள் உள்ளடங்கி இருக்கும்போது, கார் ஸ்டார்ட்டரும் கார் ஒல்ட்டர்னேட்டரும் அளவில் பொருந்துகின்றன என்பதற்காக அங்கே வாங்கிப் பூட்டுவது பெரும் அபாயம். காரின் எஞ்சினுக்குக் கீழே காற்று திறந்து ஓடுகிறது. படகின் எஞ்சின் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. ஸ்டார்ட்டரின் காபன் துண்டுகளில் எழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி படகுக்கான ஸ்டார்ட்டரை அடைத்துச் செய்கிறார்கள், கார் ஸ்டார்ட்டர் அப்படியில்லை. காபரேட்டரும் அதே: நிரம்பி வழிந்தால் படகுக்கானது பெற்றோலை உள்வாயிலேயே விடும், காருக்கானது வெளியே சிந்தும். டீசல் எஞ்சினில் இந்த வெடிப்பு அபாயம் இல்லை. பெற்றோல் படகு வாங்கப் போகிறவர் ஸ்டார்ட்டரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். வீ-எட்டு எஞ்சின்களில் அது பிளாக்கின் அடியில், பில்ஜ் தண்ணீருக்குக் கிட்ட இருப்பதால் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டி டோர்ச் அடித்தால் தெரியும். கழற்றுமுன் பற்றரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள், ஸ்பேனர் பட்டால் அந்த இடத்தில் பொறி பறக்கும்.

எஞ்சின் உள்ளேயும், புரொபெலர் பூட்டிய கால் (டிரைவ்) பின்பலகைக்கு வெளியே தொங்கியும் இருக்கும் ஸ்டேர்ன்-டிரைவ் படகுகளில் பெல்லோஸ்தான் உயிர்நாடி. அந்த ரப்பர் மடிப்பு கிழிந்தால் தண்ணீர் முதலில் பேரிங்குக்கும் மூட்டுகளுக்கும் போகும், பிறகு படகுக்குள் போகும். கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். டிரைவை முழுவதும் இடமும் வலமும் திருப்பி, விரிந்த பக்கத்து மடிப்பின் அடிக்கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். மெர்குரூசர் அல்ஃபா வகையில் டிரைவைக் கழற்ற கியரை முன்பக்கம் போட வேண்டும், பிராவோ வகையில் நியூட்ரலில் விட வேண்டும். இது தெரியாமல் இழுத்துக் கியர் தண்டை வளைத்தவர்கள் உண்டு. டிரைவைப் பிடித்திருப்பது ஆறு நட்டுகள். திரும்ப இறுக்கும்போது 50 அடி-பவுண்ட். பாரமான சாமான், இருவர் வேண்டும், அல்லது சக்கரம் வைத்த தாங்கு சட்டம் வேண்டும். கழன்றதும் உள்ளே விரலை விட்டு பேரிங்கைச் சுற்றுங்கள். கரகரத்தால் மாற்றத்தான் வேண்டும், கிறீஸ் அடித்துச் சமாளிக்க முடியாது. பேரிங்கை மாற்றியபின் எஞ்சினின் நேரைச் சீரமைப்புக் கம்பியால் பார்க்காமல் டிரைவைத் தள்ளி ஏற்றினால் எஞ்சினையும் டிரைவையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்து போகும், பிறகு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டி வரும். படகு கரையில் நிற்கும் மாதங்களில் டிரைவை இறக்கியே வையுங்கள். தூக்கி வைத்தால் ரப்பர் மடிந்த நிலையிலேயே பழகி வெடிக்கும்.

கடல் நீரை இழுக்கும் பம்பின் இம்பெல்லரில் (ரப்பர் இறக்கைச் சக்கரம்) ஒரு விடயம் மட்டும். இறக்கை உடைந்திருந்தால் புது இம்பெல்லர் போடுவதோடு வேலை முடியாது. உடைந்த துண்டுகளை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். அவை குளிராக்கியின் வாயிலோ தெர்மோஸ்டாட் உறைக்குள்ளோ சிக்கியிருக்கும், எஞ்சின் சூடேறுவதற்குக் காரணம் தெரியாமல் அலைய வைக்கும். புதியதைப் பொருத்தக் கிளிசரின் அல்லது சவர்க்காரம் தடவுங்கள், கிறீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

உப்புத் தண்ணீர் ஓடும் எக்ஸோஸ்ட் மெனிபோல்டுகள் (எஞ்சினின் புகை வெளியேறும் வார்ப்புக் குழாய்கள்) ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் கழற்றிப் பார்க்காமல் நம்பக் கூடாது. உள்ளுக்குள் துருத் துளை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் துரு காட்டிக் கொடுத்துவிடும். பொல்கொடவில் மட்டும் ஓடிய படகு என்று சொல்லி விற்பவர்களிடம் கவனம், பாணந்துறையில் கடலோடு சேரும் வாவி அது.

கை எட்டாத இடத்தில் நட்டுப் போடுவது தனிக் கலை. ரிங் ஸ்பேனரின் ஒரு பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி நட்டை உள்ளே வைத்தால் விழாது. உள்ளே போகும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நூலைக் கட்டுங்கள். துருப்பிடிக்காத எஃகு நட்டைப் பவர் ட்ரில்லால் ஓட்டினால் நடுவழியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், முன்னும் போகாது, பின்னும் வராது. அங்கே கையால் மெல்ல, கொஞ்சம் கிறீஸோடு. கிளிப் வாங்கும்போது காந்தத்தை எடுத்துப் போங்கள். பழைய சோனகத் தெருவில் "ஸ்டெயின்லெஸ்" என்று தரும் கிளிப்பில் பட்டி நல்லதாகவும் திருகாணி வெறும் இரும்பாகவும் இருப்பதுண்டு. காந்தம் திருகாணியைப் பலமாக இழுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். பில்ஜ் பம்புக்கு வீட்டு வயரிங்கின் வயரைப் போட வேண்டாம், தடித்த இழைகள் அதிர்வில் ஒடியும், செம்பு பச்சை பிடிக்கும். ஈயம் பூசிய நுண்ணிழை வயரும் பசையுள்ள சுருங்கு குழாயும் போட்டால்தான் நிலைக்கும்.

கடைசியாகக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரைக் கடல் குழம்பிக் கிடப்பதால் எல்லோரும் அப்போதுதான் படகை முகத்துவாரம் பக்கம் கரையேற்றித் திருத்தக் கொடுக்கிறார்கள். கழற்றவும் சோதிக்கவும் உதிரிப்பாகம் வரவழைக்கவும் அது நல்ல காலம். பைபர் வேலைக்கு அது கெட்ட காலம். ஈரமான மரத்தின்மேலும் பனித்த பைபரின்மேலும் ரெசின் பிடிக்காது, பார்வைக்கு இறுகியிருந்து பிறகு தகடாகக் கழரும். வெட்டித் திறந்ததைத் தார்ப்பாலினுக்குக் கீழே காற்றோட்டமாக உலரவிட்டு, தைக்குப் பின் ஒட்டக் கேளுங்கள். நம் வெயிலில் பொலியெஸ்டர் ரெசின் கிலோவுக்கு அதை இறுக வைக்கும் கெட்டலிஸ்ட் 10 கிராம் போதும், அவசரத்துக்கு 20 கிராமைத் தாண்டினால் தடித்த இடம் சூடாகி வெடிக்கும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மெட் ஒரு படை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தரும். பழைய பைபரோடு சேரும் விளிம்பை, தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரித்துத் தேயுங்கள். பழைய பூச்சின்மேல் இபொக்சிதான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண மெட்டை இபொக்சியோடு போடாதீர்கள், அதன் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில்தான் கரையும். இபொக்சிக்கு நெய்த துணியை வாங்குங்கள்.

விளம்பரம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "தாங்கி சோதிக்கப்பட்டது, பெல்லோஸ் மாற்றிய ஆண்டு இது" என்று இரண்டு சொல் சேர்த்துப் போடுங்கள். வாங்க வருபவர் தரையில் ஒரு மூடியைத் திறந்து காட்டச் சொன்னால், காட்டுங்கள்.

இப்படிக்கு,
படகு திருத்தும் தொழிலில் உள்ளோர்,
முகத்துவாரம், கொழும்பு 15.